கொல்லைக்குப் போனவர்

ஒரு மனிதரின் சாவை நான் ஒளித்து வைத்தேன்.

கொன்றேன் என்று சொல்லவில்லை. அவர் செத்தபோது என் தகப்பனாரே பிறந்திருக்கவில்லை. ஆனால் அவர் செத்துவிட்டார் என்ற செய்தி ஏறத்தாழத் தொண்ணூறு வருடம் கழித்து என் கைக்கு வந்தது. என் கையோடு நின்றும் போனது. அந்தச் செய்திக்காகப் பிறந்த நாள் முதல் காத்திருந்தவர் அவருடைய மகன். எண்பத்தெட்டு வயது. என் எதிரில் உட்கார்ந்து, "எங்கப்பா செத்துட்டாரா இல்லியா? அத மட்டும் சொல்லுங்க மதாம்" என்று கேட்டார்.

தெரியவில்லை என்று சொன்னேன்.

தெரியும்! மாதம், தேதி, கிழமை, என்ன நோய், எந்த ஆற்றங்கரை... எல்லாம் தெரியும். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு இரண்டடி தள்ளி, என் மேசை இழுப்பறையில் அது இருந்தது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியில் கோயிலடித் தெருவொன்றில், மூன்று தலைமுறையாக நாங்கள் வாழும் வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து மொழிபெயர்க்கிறவள். பிரெஞ்சு, இங்கிலீஷ், தமிழ். நீதிமன்றத்தில் கை உயர்த்திச் சத்தியம் செய்து முத்திரை வாங்கியவள். பிறப்புச் சான்று, கல்யாணச் சான்று, இறப்புச் சான்று என்று இந்த ஊர்க்காரர்களின் பாதி வாழ்க்கை என் மேசை வழியாகத்தான் பாரீசுக்குப் போகிறது. ஒரு பெயரில் ஓர் எழுத்து மாறினால் ஒரு குடும்பத்தின் குடியுரிமையே நின்றுபோகும். அதனால் எழுத்துக்கு எழுத்து பார்ப்பேன். 'அந்த மதாம் முத்திரை போட்டா அப்பீலே இல்ல' என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உள்ளூர ஒரு பெருமை.

அந்தப் பெருமைக்கு வேர் எங்கள் கூடத்துச் சுவரில் தொங்கியது. என் தாத்தாவின் படம். கோட்டு, தலைப்பாகை, முறுக்கிய மீசை. பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு கடிதம். முதல் உலகப் போரின்போது மெசபடோமியாவில் இருந்த ஓர் ஐரிஷ் ராணுவ டாக்டர் அவருக்கு எழுதிக் கொடுத்த நற்சான்று. தாத்தா அங்கே அவருக்குத் துபாஷாக இருந்தார். டாக்டருக்குத் தமிழ் வராது. காயம்பட்டவர்களை டோலியில் தூக்கப் போன நம் ஊர் ஆட்களுக்கு இங்கிலீஷ் வராது. நடுவில் தாத்தா.

அந்தக் கடிதத்தில் ஒரு வரி: 'இவர் சொன்ன எந்தச் சொல்லையும் நான் இரண்டாம் முறை கேட்க நேர்ந்ததில்லை.'

நாங்கள் அந்த வரியைச் சொல்லித்தான் வளர்ந்தோம். வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்குக் காப்பி வருவதற்கு முன்னால் அந்த வரி வந்துவிடும். என் தகப்பனாரை நான் பப்பா என்பேன். அவர் எண்பது வயதிலும் அந்தச் சட்டத்தைத் தினமும் தன் கையால்தான் துடைப்பார், வேலைக்காரியிடம் விடமாட்டார்.

ஒன்று மட்டும் எங்களுக்குப் புரியாமலே இருந்தது. தாத்தா கடைசிக் காலத்தில் யார் எதைச் சொன்னாலும் இரண்டு தடவை கேட்பார். "என்ன சொன்ன? மறுபடி சொல்லு." தண்ணீர் வேண்டுமா என்றால்கூட, "மறுபடி சொல்லு." காது மந்தம் என்று நினைத்து நாங்கள் வேண்டுமென்றே மூன்று முறை கத்திச் சொல்லிக் கேலி செய்வோம். எனக்கு அப்போது ஆறேழு வயது.

காது மந்தமில்லை... இது எனக்குத் தெரிய ஐம்பத்திரண்டு வயதாயிற்று.

சுனாமிக்கு அடுத்த வருடம் அயர்லாந்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் நோரா, அந்த டாக்டரின் பேத்தி. தன் தாத்தாவின் ராணுவ வாழ்க்கையைப் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதுகிறாராம். டாக்டரின் காகிதங்களில் எங்கள் வீட்டு முகவரி இருந்ததாம். இன்னும் அந்தக் குடும்பம் அங்கேதான் இருக்குமோ என்று குருட்டாம்போக்கில் எழுதிப் பார்த்திருக்கிறார். பப்பாவுக்கு ஒரே கொண்டாட்டம்! "பாத்தியா, எங்கப்பா பேரு அயர்லாந்து வரைக்கும் போயிருக்கு" என்று பக்கத்து வீடு வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

கடிதத்தின் கடைசியில் ஒரு வேண்டுகோள். தவளக்குப்பத்தைச் சேர்ந்த அய்யாக்கண்ணு என்ற டோலிக்காரரின் குடும்பம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியுமா? 'என் தாத்தா சாகும்வரை அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. டாக்டரின் நோட்டுப் புத்தகங்களைப் பிரதியெடுத்து அடுத்த தபாலில் அனுப்புகிறேன்.'

தபால் வரும்வரை காத்திருந்தேனா? இல்லை. எடுத்த காரியத்தை உடனே முடிக்கிற சுறுசுறுப்பு! கடலூர் பேருந்தில் ஏறி, தவளக்குப்பம் கூட்டுரோட்டில் இறங்கி, டீக்கடையில் கேட்டேன்.

கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டம்ளரை நிறுத்தினார். "அய்யாக்கண்ணா... பட்டாளத்துக்குப் போயி ஓடிப்போனாரே, அவுரு வூட்டையா கேக்கறீங்க? அந்தா, நேரா போயி சோத்தாங்கைப் பக்கம். ஓடிப்போனவரு வூடுன்னு கேளுங்க, யாரும் சொல்லுவாங்க."

கடைக்காரருக்கு முப்பது வயதுகூட இருக்காது. தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் போனவரை நேற்றுப் போனவர் மாதிரி சொல்கிறார். ஊர் வாய் எதையும் மறப்பதில்லை.

அந்த வீட்டில் இருந்தவர் கலியபெருமாள். அய்யாக்கண்ணுவின் ஒரே மகன். தகப்பன் கப்பலேறியபோது தாய் வயிற்றில் இருந்தவர். கூட அவர் மகள் விஜயா. மில் மூடும்வரை மில்லில் நூல் பிரிவில் இருந்தவள், அப்போது ஒரு சோப்பு கம்பெனியில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

வந்த காரியத்தைச் சொன்னதும் பெரியவர் எழுந்து நின்றுவிட்டார்.

"எங்கப்பாரு பேரு எழுதியிருக்குதா? வெள்ளக்காரரு நோட்டுலியா?"

"பெயர் இருக்கிறது ஐயா. மற்றது நோட்டு வந்தால்தான் தெரியும்."

"ஒக்காருங்க மதாம். ஒண்ணு சொல்றேன், கேளுங்க." அவரும் உட்கார்ந்தார். "டூட்டிய வுட்டுட்டு ஓடிப்போயிட்டாருன்னு கவர்மெண்டுல காயிதம் வந்துச்சாம். மணியக்காரரு ஊரக் கூட்டிப் படிச்சாராம். ஓடிப்போயிட்டாரு, சரி. செத்தாருன்னு யாரு சொன்னா? ஒருத்தரும் சொல்லல. அப்ப எங்கம்மா தாலிய எப்புடிக் கழட்டும்? எழுவது வயசு வரைக்கும் பூவும் பொட்டுமாத்தான் இருந்துச்சி. 'அங்க எவளோடயோ குடும்பம் நடத்தறான், இவ இங்க பூ வச்சிக்கிறா'ன்னு ஊரே சிரிச்சிது. எல்லா அமாவாசைக்கும் ஊரு சனம் கடலுக்குப் போயி அப்பன் பேரச் சொல்லித் தண்ணி வுடும். நான் மட்டும் கரையில நிப்பேன். உசுரோட இருக்கறவருக்குத் தண்ணி வுட்டா பாவமாச்சே! செத்துட்டாருன்னு தெரிஞ்சா, ஒரு தபா... ஒரே ஒரு தபா எள்ளும் தண்ணியும் வுட்டுட்டுப் போயிடுவேன்."

விஜயா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கட்டாயம் சொல்கிறேன் ஐயா. ஒரு எழுத்து விடாமல் சொல்கிறேன்" என்றேன் நான்.

ஒரு எழுத்து விடாமல்! யார் கேட்டார்கள் என்னிடம் அந்த வாக்கை? நானாகக் கொடுத்தேன்.

நோட்டுகள் வந்தன. நான்கு நோட்டுகளின் பிரதி, தலையணை தடிமனில். இரண்டு வாரம் படித்தேன். பொறுமையாக, முதல் பக்கத்திலிருந்து.

டாக்டர் பிறந்தது அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு சின்ன ஊர். வீட்டில் பேசியது ஐரிஷ் மொழி; பள்ளியில் அதைப் பேசியதற்காகப் பிரம்படி. நிலம் அண்ணனுக்குப் போனது, இவருக்குப் படிப்பு. மருத்துவம் முடித்ததும் ராணுவ உத்தியோகம். அதுதான் சோறு போட்டது. சென்னைக்கு வந்தார். காலரா முகாம்களில் அலைந்தார். நான்கு தமிழ்ச் சொற்கள் கற்றுக்கொண்டார்: வலி, எங்கே, நாக்கு, நீட்டு. மற்றதற்கெல்லாம் துபாஷ். போர் வந்ததும் மெசபடோமியா. அதெல்லாம் முடிந்து ஊர் திரும்பினால், அவர் நாட்டுக்காரர்கள் எந்த ராணுவத்தை எதிர்த்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்களோ அதே ராணுவத்தின் சீருடை போட்டவர் என்று சொந்த ஊரே முகத்தைத் திருப்பிக்கொண்டது. வைத்தியத்துக்கு வருகிறவர்கள்கூடப் பின்வாசல் வழியாகத்தான் வந்தார்களாம்.

நல்ல மனிதர் என்றே எனக்குப் பட்டது. ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருந்தார். அதுதான் வினையாயிற்று.

நான்காவது நோட்டில், முதுமையில் எழுதிய ஒரு பக்கம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் படிக்க உட்கார்ந்தேன்.

காயம்பட்டவர்கள் வந்து குவிந்த ஒரு நாள். ஆற்றோரத்தில் டோலியோடு நிற்க வேண்டிய அய்யாக்கண்ணுவைக் காணவில்லை. தேடினால், பேரீச்ச மரத் தோப்புக்குள் விழுந்து கிடந்தார். இழுத்து வந்து டாக்டர் முன்னால் நிறுத்தினார்கள். எங்கே போனாய் என்று டாக்டர் கேட்டார். அய்யாக்கண்ணு ஏதோ சொன்னார். துபாஷ் அதை இங்கிலீஷில் சொன்னார்:

'தோட்டத்துக்குப் போனேன் என்கிறான், ஐயா. நேற்றிலிருந்தே தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறானாம்.'

நான் சிரித்துவிட்டேன். நம்புங்கள், முதலில் சிரிப்புத்தான் வந்தது! இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் யாரும் மலம் கழிக்கப் போகிறேன் என்று சொல்லமாட்டார்கள். கொல்லைக்குப் போகிறேன் என்பார்கள். வீட்டுக்குப் பின்னால் இருப்பதும் கொல்லை, ஊருக்கு வெளியே இருக்கிற நிலமும் கொல்லை. ஒதுங்குகிற இடம் அதுதான். வயிற்றுப்போக்கு வந்தவர், 'காலையிலேருந்து கொல்லைக்குப் போய்க்கிட்டே இருக்கேன்' என்பார்.

அய்யாக்கண்ணு அதைத்தான் சொன்னார். நேற்றிலிருந்து கொல்லைக்குப் போய்க்கொண்டே இருக்கிறேன், சாமி.

சிரிப்பு பாதியில் நின்றது.

டாக்டர் என்ன புரிந்துகொண்டார்? வேலையை விட்டுத் தோட்டத்தில் போய் ஒளிந்திருக்கிறான். நேற்றிலிருந்தே திட்டம் போட்டிருக்கிறான். அதைத் தன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறான்! வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. 'நோய் ஏதுமில்லை, பணியிடத்தை விட்டு ஓடியவன்' என்று கையெழுத்துப் போட்டார். காவலோடு படகில் ஏற்றிக் கீழே அனுப்பினார்கள். நான்காம் நாள் சீதபேதியில் படகிலேயே உயிர் போயிற்று. ஆற்றங்கரையில் புதைத்தார்கள். முன்பே பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிட்டதால் ஊருக்குச் சாவுச் செய்தி எழுதவில்லை. ஓடிப்போனார் என்ற காகிதம் மட்டும் போயிருந்தது.

சில வாரம் கழித்து வேறொரு டோலிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அதே சொல்லைச் சொன்னபோதுதான், கூட இருந்த தமிழ்க் கம்பவுண்டர் டாக்டருக்கு அர்த்தம் சொன்னாராம். டாக்டர் துபாஷைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். துபாஷின் பதிலையும் எழுதியிருந்தார்: 'தங்கள் முன்னால் அந்த அசிங்கமான பேச்சைப் பேச எனக்குக் கூச்சமாக இருந்தது, ஐயா.'

கூச்சம்! மீசை முறுக்கிய, பிரெஞ்சுப் பள்ளியில் படித்த கனவானுக்கு, வெள்ளைக்காரர் முன்னால் பேதி என்று சொல்லக் கூச்சம்! அதற்கு ஓர் உயிர்.

அதற்குக் கீழே டாக்டர் எழுதியிருந்த வரிகளை எனக்கு மனப்பாடமாகத் தெரியும். 'என் தாய்மொழிக்காக அடிவாங்கியவன் நான். ஒரு சொல் இன்னொரு மொழிக்குள் போகும்போது என்ன ஆகும் என்று அறிந்தவன். நானாவது இரண்டாம் முறை கேட்டிருக்க வேண்டும்.' ராணுவ அலுவலகத்துக்கு மூன்று முறை எழுதினாராம். முடிந்துபோன விஷயம் என்று பதில்.

துபாஷின் பெயர் அந்தப் பக்கத்தில் இரண்டு இடத்தில் இருந்தது. முழுப் பெயர், ஊர் சகிதம். நிமிர்ந்து பார்த்தால் சுவரில் தாத்தா.

"என்ன சொன்ன? மறுபடி சொல்லு..." அந்தக் குரல் எனக்குக் கேட்டது. காது மந்தமில்லை. அவரும் சுமந்திருக்கிறார், நாற்பது வருடம், யாரிடமும் சொல்லாமல்.

பப்பா உள்ளறையிலிருந்து கூப்பிட்டார். "என்னம்மா, எங்கப்பாவப் பத்தி ஏதாவது எழுதியிருக்கா? நல்லபடியாத்தான?"

"நல்லபடியாத்தான் பப்பா."

முதல் பொய் அது. அவருக்கு இதயம் பலவீனம். அவருக்கு வைத்தியம் பார்க்கிறவர் அதிர்ச்சி கூடாது என்று சொல்லியிருந்தார். பப்பாவுக்காகத்தான் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நானும் அப்படித்தான் வைத்துக்கொண்டேன்.

அந்த ஒரு பக்கத்தைக் கட்டிலிருந்து உருவி இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். சாவியை ஜெபமாலைப் பெட்டிக்குள் வைத்தேன். வைக்கத் தெரிந்த இடத்தைப் பாருங்கள்!

சொல்லலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். தாத்தா பெயரை விட்டுவிட்டு, 'உங்கள் தகப்பனார் நோயில் செத்தார், இன்ன தேதி' என்று மட்டும் சொல்லியிருக்கலாமே? சொல்லியிருக்கலாம். அதற்குக் கூடுதலாக ஒரு சொல்கூட வேண்டாம். அதையும் யோசித்தேன். ஆனால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். காகிதத்தைக் காட்டு என்பார்கள். காட்டினால் படிக்க ஆளிருக்கிறது. ஊருக்குத் தெரிந்தால், அந்த வீட்டுத் துபாஷ் ஒரு சொல்லைப் புரட்டி ஒரு மனிதனைச் சாகடித்தவன் என்பார்கள். பிறகு என் முத்திரைக்கு என்ன மதிப்பு? பார்த்தீர்களா... பப்பாவின் இதயம் என்று தொடங்கினேன், என் முத்திரையில் வந்து நிற்கிறேன்.

பத்து நாள் கழித்து அவர்களே வந்துவிட்டார்கள். பெரியவர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. சாவுச் செய்தி கேட்க வருகிறவர் கோயிலுக்குப் போகிறவர் மாதிரி வந்திருந்தார்! விஜயா கையில் ஒரு பை. அதில் வெற்றிலை பாக்கு, ஒரு சீப்புப் பழம். எனக்கு!

பப்பா கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தார். பெரியவர் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "அய்யா யாரு?"

பப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்கப்பா. மெசபடோமியாவில துபாஷா இருந்தவர்."

"அப்ப எங்கப்பாருக்குப் பழக்கமாத்தான் இருந்திருப்பாரு" என்று பெரியவர் இன்னொரு முறை கும்பிட்டார்.

அவரை அவசர அவசரமாக முன்னறைக்கு அழைத்து வந்து உட்கார வைத்தேன். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. செத்துட்டாரா இல்லியா? அத மட்டும் சொல்லுங்க மதாம்.

"முழுவதும் படித்துவிட்டேன் ஐயா. பட்டியலில் பெயர் மட்டும்தான் இருக்கிறது. வேறு ஒன்றும் இல்லை."

"ஒண்ணுமேவா?"

"ஒன்றுமே இல்லை. தெரியவில்லை ஐயா."

விஜயா முன்னால் நகர்ந்தாள். "தப்பா நெனைக்காதீங்க மதாம். எம்பொண்ணு காலாப்பட்டு யுனிவர்சிட்டியில எம்.ஏ. இங்கிலீஷு படிக்குது. அந்தக் காயிதத்தக் குடுத்தீங்கன்னா அதுவும் ஒரு தபா பாக்கும். ஒங்களுக்கு ஆயிரம் வேல..."

பெரியவர் அவளை அதட்டினார். "சும்மா இரு! மதாம் பாத்து இல்லன்னா இல்லதான். கோர்ட்டுல சத்தியம் பண்ணுனவங்க. அவங்கள ரெண்டாந்தபா கேக்கறதா?"

ரெண்டாந்தபா கேக்கறதா... அவர் வாயில் அந்தச் சொற்கள் எப்படி வந்தன? சுவரில் இருந்த இங்கிலீஷ் கடிதத்தை அவர் படித்திருக்க முடியாது. அவர் மட்டும் அன்று இன்னொரு முறை கேட்டிருந்தால் நான் உடைந்திருப்பேன். இப்படி நினைத்துக்கொள்கிறேன். உண்மையா என்று தெரியாது.

போகும்போது பழத்தை மேசைமேல் வைத்தார். நான் வேண்டாம் என்றேன். "வெறுங்கையா வரக்கூடாதுன்னு எடுத்தாந்தது. திருப்பி எடுத்துக்கினு போனா நல்லாருக்காது" என்றார். மெதுவாகப் படியிறங்கினார். பப்பா அந்தப் பழத்தில் இரண்டு சாப்பிட்டு, நல்ல ருசி என்றார்.

மறுநாள் பிரவுசிங் சென்டருக்குப் போய் நோராவுக்கு எழுதினேன். 'விசாரித்தேன். அந்தக் குடும்பத்தில் யாரும் மிஞ்சவில்லை.' உயிரோடு இருந்த மூன்று தலைமுறையை ஒரே வரியில் இல்லாமல் ஆக்கினேன். பிழையில்லாத இங்கிலீஷ். நோரா நன்றி சொல்லிப் பதில் எழுதினார். என் சிரமத்துக்கு வருந்துவதாகவும் எழுதியிருந்தார்!

அடுத்த வருடம் பப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். கல்லறையில் பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி எல்லாம் வெட்டினோம். கல்வெட்டுக்காரர் இறந்த தேதியில் ஓர் எண்ணைத் தப்பாக வெட்டிவிட்டார். நான் போட்ட சத்தத்தில் கல்லறைத் தோட்டமே திரும்பிப் பார்த்தது. "செத்த தேதி என்ன விளையாட்டா?" என்று கத்தினேன். யார் கத்தியது? நான்! கத்திய வாய் மூடுவதற்குள் எனக்கே உறைத்தது.

இனி என்ன சாக்கு? பப்பா இல்லை, இதயம் இல்லை, அதிர்ச்சி இல்லை. தவளக்குப்பம் பேருந்தில் எட்டு கிலோமீட்டர். போயிருக்கலாம். ஆனால் இப்போது போனால், முன்பே ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வருமே! தாத்தாவின் தப்பு போய், அது முழுக்க என் தப்பாக ஆகியிருந்தது. நாளைக்கு, ஞாயிறு கழியட்டும், மழை விடட்டும்... இப்படியே எட்டு மாதம்.

நான் போகவில்லை. விஜயாதான் வந்தாள். தலை வாராமல், முகம் வீங்கி. வாசலில் இருந்தே சொன்னாள்.

"அப்பா போயிட்டாரு மதாம். நேத்தோட பதினாறு நாளாச்சி."

உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். அதே நாற்காலி.

"கருமாதியில அய்யரு மூணு தலமொற பேரு கேட்டாரு. அப்பா பேரு சொன்னோம். அவுங்கப்பா பேரு என்னா, செத்தது எந்த நாளுன்னாரு. நாங்க என்னாத்த சொல்றது? எல்லாரும் ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துக்கினு நிக்கறோம். பின்னாடி நின்ன ஒருத்தன் சிரிச்சுட்டான் மதாம். கருமாதியில சிரிக்கறான்!" தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள். "அதான்... இன்னொரு தபா கேட்டுப் பாக்கலாம்னு வந்தேன். அந்த நோட்டுல வேற எங்கனாச்சும்..."

இரண்டாம் முறை! கேட்டுவிட்டாள். இரண்டாம் முறை கேட்கிறவர் யாராவது வரமாட்டார்களா என்றுதானே காத்திருந்தேன்? என் கை இழுப்பறைப் பிடிமேல் இருந்தது. பித்தளைப் பிடி, கைக்குச் சில்லென்று இருந்தது. சொல் என்று எனக்குள்ளேயே யாரோ அடித்துக்கொண்டார்கள்.

"நாள் தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசை அன்று கொடுக்கலாம் என்று சொல்வார்களே, விஜயா" என்றேன்.

கத்தோலிக்கப் பெண் நான் அவளுக்கு அமாவாசை சொல்லிக் கொடுத்தேன்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, சோறு போதுமா என்று கேட்டேன்.

விஜயா என்னையே பார்த்தாள். கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் பிழைத்திருப்பேன்.

"அது செத்தவங்களுக்கு மதாம். ஓடிப்போனவங்களுக்கு இல்லியே."

எழுந்து போய்விட்டாள்.

நான் ஒவ்வொரு மாதமும் பாவசங்கீர்த்தனம் செய்கிறவள். கோபப்பட்டேன், பொறாமைப்பட்டேன், வெள்ளிக்கிழமை கறி சாப்பிட்டேன் என்று குருவானவர் காதில் ஓதுகிறேன். இதை மட்டும் ஓதியதில்லை. சொன்னால் அவர் முதலில் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்: போய் அவர்களிடம் சொல், பிறகு வா. அதனால்தான் சொல்லவில்லை. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என்னை எங்கும் அனுப்ப முடியாது.

தாத்தாவுக்குக் கூச்சம். அவர் ஒரு நொடியில் தப்பு செய்தார். அடுத்த நொடி படகு போய்விட்டது. எனக்கு அப்படியா? எனக்குப் படகு போகவே இல்லை. இன்றும் போகவில்லை. விஜயா அதே வீட்டில்தான் இருக்கிறாள். அவள் செல்போன் எண் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. பத்து எண்கள். ஒன்பது வரை அழுத்தியிருக்கிறேன்.

வருடத்துக்கு ஒரு முறை அந்தத் தேதி வருகிறது. அன்று வேலை எடுப்பதில்லை. கடற்கரைக்குப் போய் நிற்பேன். எள் தெளிக்க எனக்கு உரிமையில்லை. தெளித்தாலும் அவருக்குப் போய்ச் சேராது. சும்மா நிற்பேன். அய்யாக்கண்ணு எந்த நாளில் செத்தார் என்று இந்தக் கரையில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அவருக்கு ஒன்றுமே ஆகாதவள்.

இவ்வளவும் எழுதிவிட்டேன். ஒப்புக்கொண்டுவிட்டேன் என்றுகூட ஒரு கணம் தோன்றியது... திருப்பிப் படித்துப் பார்த்தேன், வழக்கம்போல் எழுத்துக்கு எழுத்து. சொற்பிழை ஒன்றுமில்லை.

அந்தத் தேதியை மட்டும் எங்கேயும் எழுதவில்லை.